செக்கிங் சென்னியப்பன் வாங்குன தட்டு

ஏனுங்க தம்பி, அந்தப் பை மேல கை வெக்காதீங்க. ஆமாங்க, உங்க முட்டிக்குப் பக்கத்துல இருக்கறதுதான். மடியிலயே வெச்சுக்கலாம்னு பாத்தேன், இந்த டிரைவர் ஓட்டற ஓட்டுக்கு எங்க கீழ விழுந்துருமோன்னு பயமா இருக்குது. சீ, சீட்டப் பாருங்க, ஆரோ வாந்தியெடுத்து காஞ்சிருக்குது. தொடைக்கறதுக்கு ஒரு நாதி இல்ல. நீங்க இப்படித் தள்ளி உக்காருங்க.

உள்ள ஒரு தட்டு இருக்குதுங்க. படம் வரையற தட்டு. கம்ப்யூட்டர்ல ஒயரச் சொருகிட்டு, கூட ஒரு பேனா குடுப்பான், மையே இல்லாத பேனா, அத வெச்சு தட்டு மேல வரஞ்சா படம் அங்க கம்ப்யூட்டர்ல வரும். தட்டு மேல ஒண்ணும் இருக்காது, வெறும் கருப்புப் பலகை. இந்தக் கருமத்துனாலதான் ஏழு மாசமா என்ற ஊட்டுல மனுசன் மனுசனா இல்ல.

என்ன, சட்டையப் பாக்கறீங்களா? பட்டன் ஒண்ணு இல்ல, தெரியும். அதச் சொல்றதுக்கு இன்னும் நேரமிருக்குது. நீங்க எதுல எறங்கறீங்க, காந்திபுரமா? நான் பீளமேட்டுல எறங்கிருவேன். அதுக்குள்ள சொல்லி முடிச்சர்றேன்.

என்ற பேரு சென்னியப்பன். திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங். முப்பத்தொரு வருசமாச்சுங்க. தெச்ச துணி மொதல்ல எங்க டேபிளுக்குத்தான் வரும். லைட்டுக்குக் கீழ விரிச்சுப் போட்டு கழுத்து, கை, அடி மடிப்புன்னு ஒவ்வொண்ணாப் பாக்கணும். எண்ணெய்க் கறை இருந்தாலும் சரி, ஊசி ஓட்டை இருந்தாலும் சரி, அந்த எடத்துல அம்புக்குறி போட்ட ஸ்டிக்கர் ஒண்ண ஒட்டணும். செவப்பா வெரல் நகத்தளவு இருக்கும். இதா, ரோலு சட்டப் பையிலயே கெடக்குது பாருங்க. லீவு நாள்லயும் கூடவே வருது. நல்ல பீஸுன்னா ஒண்ணும் ஒட்ட மாட்டோம், மடிச்சு பாலி கவர்ல போட்டு அடுத்த டேபிளுக்குத் தள்ளிருவோம். எங்க கையில பாராட்டுன்னா அதுதானுங்க, ஸ்டிக்கர் இல்லாம போறது. இதப் போயி ஊட்டுல பொம்பளைங்களுக்குப் புரிய வெக்க முடியுமா?

எனக்கு ஒரே புள்ளைங்க, கோகிலவாணி. பி.காம் முடிச்சா. வேலைக்குப் போன்னா போகல. செல்போன்ல வெரல வெச்சுத் தேச்சுத் தேச்சு காக்கா, பூனை, கொழந்தைகன்னு படம் வரஞ்சுட்டுக் கெடந்தா. அந்த வெரலு வீங்கி செவந்து போயிருச்சு. பாக்கவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. ஒரு நாளு ஒரு துண்டுக் காகிதத்துல பேரு, மாடலு எல்லாம் எழுதி எங்கிட்டக் குடுத்தா. "அப்பா, இது நோட்டுப் புத்தகம் மாதிரி சின்னதுதானுங்கப்பா. வெலையும் நம்மளுக்குக் கட்டும். புதுசா வரையறவங்களுக்கு இதே போதும், இத மட்டும் வாங்கித் தாங்க"ன்னா. சரி கண்ணுன்னு வாங்கி மடிச்சு பர்ஸுல வெச்சுக்கிட்டேன்.

ஆனா நான் செக்கிங்குங்க. பெத்த புள்ளயே எழுதிக் குடுத்தாலும் கண்ண மூடிட்டு வாங்கிருவனா? மூணு மாசம் அலைஞ்சேன். மொதல்ல எங்க கம்பெனியில லேபிள் டிசைன் பண்றவன்கிட்டப் போனேன், அவங்கிட்ட இந்தத் தட்டு இருக்குதுன்னு சொன்னாங்க. போயிப் பாத்தா, ஒரு கையில மிச்சரு பொட்டலம். தின்ன கையாலயே பேனாவப் புடிக்கறான், தட்டத் தேய்க்கறான், நாக்குல வெரலத் தொட்டு எதையோ தொடைக்கறான். தட்டு பூராம் எண்ணெய்த் தடம், ஓரத்துல காராபூந்தி ஒண்ணு நசுங்கி ஒட்டிக்கெடக்குது. என்ற புள்ள தட்டு ஒரு நாளும் இந்தக் கதிக்கு ஆகக் கூடாதுன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

அப்பறம் யூட்யூப். சீ, அதவிட அசிங்கம் எங்கயும் பாத்ததில்லீங்க. ஒருத்தன் ஒரு தட்டத் தலைமேல தூக்கி வெச்சு ஆடறான். அடுத்தவன் அதே தட்டக் குப்பைங்கறான். ரெண்டு பேரும் கடைசியில கீழ லிங்க் இருக்குது, வாங்குங்கன்னு பல்லக் காட்டறாங்க. பேனா அழுத்தம் எட்டாயிரமாம், பதினாறாயிரமாம். எதுல எட்டாயிரம்னு கேட்டா ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கறான்.

கடைசியா கோயமுத்தூருக்கே வந்து ஒரு கடையில கேட்டேன். அந்தாளு எடுத்ததும் கண்ணாடி வெச்ச தட்டக் காட்டுனான். தட்டுலயே படம் தெரியுமாம், பாத்துட்டே வரையலாமாம். வெலையக் கேட்டதும் அத ஓரமாத் தள்ளி வெச்சுட்டேன். கம்மியானது காட்டுன்னேன். சலிச்சுக்கிட்டே ரெண்டு எடுத்து வெச்சான். ஒண்ணு சின்னது, ஒண்ணு அகலமா பெருசு. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வெல. நீங்களே சொல்லுங்க தம்பி, ஒரே ரேட்டுக்கு எஸ் சைஸும் தர்றான், எக்ஸ்எல்லும் தர்றான்னா ஆராவது எஸ் சைஸ வாங்குவாங்களா? துணி எச்சா இருக்கறதத்தான எடுப்போம்? பெருசையே கட்டச் சொல்லி வாங்கிட்டு வந்தேன்.

காகிதமா? அது பர்ஸுலயேதான் இருந்துச்சு. எதுக்குங்க காட்டணும்? காட்டுனா அதையே நம்ம தலையில கட்டிருவான், கடக்காரனப் பத்தி எனக்குத் தெரியாதா?

வாணி பெட்டியப் பாத்ததும் அவ மூஞ்சி போன போக்க நீங்க பாத்திருக்கணும். ஒரு வார்த்த நல்லாருக்குதுன்னு சொல்லல. "பெருசா இருக்குதுங்கப்பா"ன்னா. பெருசா இருந்தா சந்தோசப்படணுமா இல்லையா? அவ வரையறது அவங்கம்மா தையல் மெசின் பலகை மேல. அதுல லேப்டாப்ப வெச்சு இதையும் வெச்சா ரெண்டு பக்கமும் தொங்குது. பத்தாததுக்கு அங்க கம்ப்யூட்டர்ல ஒரு இஞ்சுக் கோடு போகறதுக்கு இங்க தோளுல இருந்து கையக் கொண்டு போகணுமாம். ராத்திரியானா அவங்கம்மா தைலம் தேச்சு விடுவா. அப்பறம் என்னமோ செட்டிங்க மாத்தி தட்டுல பாதி மட்டும் வேலை செய்யற மாதிரி வெச்சுக்கிட்டா. மீதிப் பாதி சும்மா கெடந்துச்சுங்க. அதப் பாக்கப் பாக்க எனக்கு வயிறு எரிஞ்சுது.

தட்டு மேல ஒட்டி வந்த மெல்லிசுக் கவரையும் பிரிக்கறேன்னா. நான் விடல. அந்த மிச்சர்காரன் தட்டு எனக்குக் கண்ணுக்குள்ளயே நின்னுச்சு. கம்பெனியில இருந்து நல்ல கனமான பாலி கவரா ஒண்ணு கொண்டாந்து, தட்ட உள்ள போட்டு, மூணு பக்கமும் டேப்பு ஒட்டிக் குடுத்தேன். மேலயே வரையலாம், பேனா வேலை செய்யுது, நானே செக் பண்ணிப் பாத்தேன். "வழுக்குதுங்கப்பா, நொறநொறன்னு சத்தம் வருதுங்கப்பா"ன்னா. பழகிக்கும் கண்ணுன்னேன். பேனாவுக்கு முனை தேயுமாம், பத்து முனை கூடக் குடுத்திருந்தான். அதையும் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். கையில குடுத்தா ஒரே மாசத்துல தேச்சுத் தீத்துருவா. தேஞ்சா வந்து கேளு, ஒண்ணொண்ணாத் தர்றேன்னு சொன்னேன். அவ கேக்கவே இல்ல. மொட்ட முனையிலயே வரஞ்சுட்டு இருந்தா, திமிரு.

ஆனா வரஞ்சாளுங்க. ஆறு மாசம் ஒக்காந்த எடத்த விட்டு எந்திரிக்கல. மெட்ராஸ்ல கொழந்தைப் புத்தகம் போடற ஒரு அம்மா இவ படத்த எங்கயோ பாத்துட்டுக் கூப்பிட்டுச்சு. ஒரு கதைக்கு மாதிரிப் படம் அனுப்பு, புடிச்சிருந்தா புத்தகம் பூராம் நீதான்னு சொல்லிருச்சு. வாணி கடையில போயி கலர் பிரிண்ட் எடுத்துட்டு வந்து ஆறு படத்தையும் எம்முன்னால பரப்பி வெச்சா. "பாருங்கப்பா"ன்னா.

பாத்தேன். லைட்டுக்குக் கீழ கொண்டு போயி நல்லாவே பாத்தேன். ஒரு புள்ளைக்குக் கையி கட்டையா இருந்துச்சு. ஒட்டுனேன். பூனைக்கு மீசை ஒரு பக்கம் மூணு, ஒரு பக்கம் நாலு. ஒட்டுனேன். வானத்துல கலரு சமமா இல்ல. அதுலயும் ஒட்டுனேன். ஆறு படத்துக்கு பதினேழு ஸ்டிக்கர். என்ற ஊட்டுக்காரி ருக்மணி அடுப்படியில இருந்து கரண்டியோட வந்துட்டா, "நீங்கெல்லாம் ஒரு மனுசனா?"ன்னு கத்தறா. வாணி கத்தல. "உங்க சட்டையில மூணாவது பட்டன் இல்லீங்கப்பா, அத மொதல்ல பாருங்க"ன்னா. பேச்ச மாத்தாதேன்னேன். தப்பக் காட்டுனா எல்லாருக்கும் இப்படித்தானுங்க பொத்துக்கிட்டு வருது.

ஆனா ஒண்ணு. ஒரு வாரத்துல அந்தப் பதினேழையும் திருத்திட்டா. அதச் சொல்லணுமில்ல? மெட்ராஸ் அம்மாவுக்கும் புடிச்சுப் போச்சு. இன்னும் ரெண்டே படத்துல சின்னத் திருத்தம், அத அனுப்பிட்டா வேலை உனக்குத்தான்னு சொல்லிட்டாங்க.

அந்த ரெண்டு படத்தையும் அனுப்பற கெடு வந்து விழுந்தது ஆயுத பூஜை அன்னிக்குங்க. நீங்க திருப்பூரா? இல்லையா? அப்ப உங்களுக்குத் தெரியாது. எங்க ஊருக்குத் தீவாளியவிட அதான் பெருசு. மெசினையெல்லாம் கழுவித் தொடச்சு, பொட்டு வெச்சு, மால போட்டு, ஊரே நின்னுரும். நான் கம்பெனி பூஜைய முடிச்சுட்டு, பொரி கடலை பொட்டலத்தோட ஊட்டுக்கு வந்து இங்கயும் பூஜைக்கு எடுத்து வெச்சேன். கத்திரி, அருவாமணை, தையல் மெசினு, அவ லேப்டாப்பு, அப்பறம் இந்தத் தட்டு. மூணு வெரல்ல சந்தனத்தக் கொழச்சு பட்டை போட்டு, நடுவுல குங்குமம் வெச்சேன். அது நல்ல அகலமா இருந்துச்சா, அது மேலயே எலையப் போட்டு சக்கரைப் பொங்கலும் பொரியும் படைச்சேன். பெருசா வாங்குனதுக்கு அன்னிக்குத்தானுங்க ஒரு பலன் தெரிஞ்சுது.

பூஜை முடிஞ்சு சித்த நேரத்துல அவளுக்குப் போனு வந்துச்சு. பொழுதோட ஆறு மணிக்குள்ள அந்த ரெண்டு படமும் வேணும், அடுத்த நாள் லீவு, இன்னிக்கே வேலை ஆருக்குன்னு முடிவு பண்ணணும்னு. வாணி ஓடியாந்தா. நான் குறுக்க நின்னுட்டேன். பூஜையில வெச்சத நடுவுல எடுக்கலாமா தம்பி? அடுத்த நாள் காலையில மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும். கம்பெனியில நூறு மெசினு நிக்குது, லட்ச லட்சமா ஆர்டரு நிக்குது, மொதலாளியே கம்முனு ஒக்காந்திருக்கான். ஒரு நாளு இவ வரையாட்டி ஒலகம் முங்கிப் போயிருமா?

"அப்பா, காலு புடிக்கறேன், ரெண்டு மணி நேரம் குடுங்க, மறுபடியும் கொண்டாந்து வெச்சர்றேன்"ன்னு அழுதா. அழுதுட்டே தட்ட எடுக்கக் கைய நீட்டுனா. நான் தட்டிவிட்டேன். அடிக்கலீங்க, அடிச்சேன்னு ருக்மணி ஊரு பூராம் சொல்லிட்டுத் திரியறா. தட்டித்தான் விட்டேன். கொஞ்சம் வேகமாப் பட்டிருச்சு.

ஆறு மணி ஆச்சு. மெட்ராஸ் அம்மா பாத்துட்டு வேற ஆளுக்குக் குடுத்திருச்சு. ஒரு நாள் பொறுக்க முடியாதவங்ககூட என்ன வேலைங்க? விட்டுத் தொலைன்னு சொன்னேன்.

காலையில மறுபூஜை போட்டு எலைய எடுக்கறேன். சீ, இப்ப நெனச்சாலும் ஒடம்பு கூசுதுங்க. பொங்கல் கசிஞ்சு கவரு வாய் வழியா உள்ள எறங்கியிருக்குது. நான் ஒட்டுன டேப்பு மூணு பக்கந்தான, நாலாவது பக்கம் ஒயரு போகறதுக்காக விட்டிருந்தேன். அது வழியா எறும்பு. ஒண்ணு ரெண்டில்ல, கவருக்கும் தட்டுக்கும் நடுவுல ஆயிரக்கணக்குல, கருப்பா நெளியுது. தட்டுல இருக்கற பட்டன் சந்துல முட்டைய வேற கொண்டு போயி அடுக்குது. சந்தனம் வெடிச்சு, வெல்லம் பிசுபிசுன்னு, வாடை வேற. நான் நல்லதுக்குப் போட்ட கவரு, அந்தக் கவருக்குள்ளயே இப்படி.

வாணி பக்கத்துல வந்து நின்னு பாத்தா. அழுகை இல்ல, கோவம் இல்ல. "இதுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிருங்கப்பா"ன்னா. அவ்வளவுதான். பைய எடுத்துட்டு, அவங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிட்டு பஸ் ஏறிட்டா. பீளமேட்டுல ஒரு சிநேகிதப் புள்ள ரூமுல இருக்கறா. பள்ளிக்கூடப் பாடத்துக்குப் படம் போடற ஒரு எடத்துல வேலையாம். ஏழு மாசம். எனக்கு ஒரு போனு இல்ல. பெத்தவன் ஒருத்தன் இருக்கான்னு நெனப்பே இல்லாத புள்ள. எனக்கு அவ மேல வெறுத்தே போச்சுங்க, நெசமாத்தான் சொல்றேன். நானும் பண்ணல. நான் எதுக்குப் பண்ணணும்?

இப்ப எந்த ஊருங்க, கருமத்தம்பட்டி தாண்டிருச்சா? சரி.

போன வாரம் அந்தப் பேனா முனையெல்லாம் பீரோவுல கெடக்குதே, தூக்கி வீசிரலாம்னு தொறந்தேன். ருக்மணி சேலைக்கு அடியில ஒரு புத்தகம். பாலி கவர்ல போட்டு மடிச்சு வெச்சிருக்கறா, நான் போடற மாதிரியே. என்னன்னு எடுத்தா கொழந்தைப் புத்தகம். எழுத்து, படம் ரெண்டும் கோகிலவாணின்னு போட்டிருக்குது. வந்து மூணு மாசமாச்சாம். "ஏன்டி ஒளிச்சு வெச்ச?"ன்னேன். "ஸ்டிக்கர் ஒட்டிருவீங்கன்னு பயமா இருந்துச்சு"ன்னா. கட்டுனவன் மேல இருக்கற நம்பிக்கையப் பாத்தீங்களா!

ஒக்காந்து பாத்தேன். லைட்டப் போட்டு, ரோலப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத்தான் பாத்தேன். ஒரு ஆளப் பத்துன கதைங்க. அந்தாளு போற எடமெல்லாம் செவப்பு அம்பு ஒட்டிட்டே போறான். தோசையில ஒட்டறான். பூனை வாலுல ஒட்டறான். ஏணி போட்டு ஏறி நெலாவுல கறை இருக்குதுன்னு அதுலயும் ஒட்டறான். எனக்கே சிரிப்பு வந்துருச்சு. என்ன மாதிரி கிறுக்கன்டா இவன்னு நெனச்சேன். மூணு தடவ திருப்பிப் பாத்தேன். கையி கட்டையா இருக்குதா? இல்ல. மீசை சமமா இருக்குது. வானத்துல கலரு ஒரே சீரு. இருவத்திநாலு பக்கத்துல எனக்கு ஒரு தப்புக் கெடைக்கல.

கடைசியா ஒண்ணு கெடச்சுது. அந்தாளு சட்டையில மூணாவது பட்டன் இல்ல. எல்லாப் பக்கத்துலயும் இல்ல. ஆஹா, மாட்டுனயான்னு ஸ்டிக்கரக் கிழிச்சு ஒட்டறதுக்குக் குனிஞ்சேன். குனிஞ்சப்ப என்ற சட்டை கண்ணுல பட்டுச்சுங்க.

அந்த ஸ்டிக்கர் ரொம்ப நேரம் வெரல்லயே ஒட்டிட்டு இருந்துச்சு. ருக்மணி பட்டன் தெச்சுத் தர்றேன்னு ஊசியோட வந்தா. வேண்டாம், அப்படியே இருக்கட்டும்னுட்டேன்.

இந்தப் பையில இருக்கறது அந்தப் பழைய தட்டு இல்லீங்க. அது எறும்போட போச்சு. அவ எழுதிக் குடுத்த காகிதம் பழைய பர்ஸுல அப்படியே மடிச்ச மடிப்போட இருந்துச்சு. நேத்து கடையில அதக் காட்டி, இதான் வேணும்னு சொல்லி வாங்கிட்டேன். நோட்டு மாதிரி சின்னதுதான். ஆரையும் கேக்கல. பெட்டியப் பிரிச்சுக்கூடப் பாக்கல. முப்பத்தொரு வருசத்துல செக் பண்ணாம ஒரு பீஸ நான் வெளிய எடுத்துட்டுப் போறது இதான் மொதத் தடவ, கையெல்லாம் நமநமன்னு இருக்குது. இப்ப அவ வேலை செய்யற எடத்துல நல்ல தட்டாவே குடுத்திருப்பாங்க. இத வாங்குவாளோ, மூஞ்சியில வீசுவாளோ, தெரியல.

இதா, ஹோப் காலேஜ் வந்துருச்சு, அடுத்தது நம்முளுது. கொஞ்சம் காலு மடக்குங்க தம்பி.

ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு எறங்கிர்றேன். அந்தப் புத்தகத்துல கடைசிப் பக்கம். அந்தாளு அசந்து தூங்கறான். பக்கத்துல ஒரு புள்ள நிக்குது. கையில ஒரே ஒரு ஸ்டிக்கர். அவன் நெத்தியில ஒட்டறதுக்குக் கைய நீட்டிட்டு நிக்குது. ஆனா ஒட்டல. அப்படியே கத முடிஞ்சு போச்சுங்க.

ஏன் ஒட்டலேன்னு அவகிட்ட கேக்கணும், அதுக்குத்தான் போறேன். நானா இருந்தா ஒட்டியிருப்பனுங்க.